ஆசை மேலே, காப்பு கீழே

ஜேஇஇ ரேங்க் வந்ததும் வீடுகளில் பஞ்சாயத்து தொடங்கிவிடுகிறது: எந்தக் கல்லூரியை முதலில் எழுதுவது? ‘கிடைக்கிறதை முதல்ல போடு’ என்கிறார்கள் பெரியவர்கள். தப்புக் கணக்கு. 2015 முதல் ஐஐடி, என்ஐடி இடங்களைச் சேர்த்தே ஒதுக்கிவரும் ஜோசாவின் கணினி, மாணவரின் பட்டியலை மேலிருந்து கீழாகவே பார்க்கிறது. எட்டாத கல்லூரியை முதலில் எழுதியதால் கீழே உள்ள இடம் பறிபோவதில்லை. சுலபமாகக் கிடைப்பதை மேலே எழுதினால்தான் நஷ்டம். அது கிடைத்ததும் அதற்குக் கீழே உள்ளவை பரிசீலனைக்கே வராது.

முந்தைய ஆண்டின் கடைசி ரேங்க்குகளை வைத்துப் பட்டியலைப் பிரிக்கலாம்: ஆசைக்குச் சில, ரேங்க்குக்கு ஏற்றவை பல, கடைசியில் காப்புக்குச் சில. காப்பு என்றாலும் போய்ப் படிக்க மனமுள்ள இடமாக இருக்க வேண்டும்.

வெளிமாநிலத் தமிழர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். என்ஐடிகளில் ஏறத்தாழ பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு. அதை முடிவு செய்வது பிளஸ் டூ தேறிய மாநிலம், பூர்வீகம் அல்ல. டெல்லியில் படித்த தஞ்சாவூர்ப் பிள்ளைக்குத் திருச்சி என்ஐடி வெளிமாநிலம்தான். கடைசி ரேங்க்கையும் அந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.