அளந்தவரே கணக்கும் எழுதலாமா?

வீட்டில் உட்கார்ந்தபடியே சினிமா பார்க்கிறவரும், கைப்பேசியைத் தட்டிச் சாப்பாடு வரவழைக்கிறவரும், தாம் அறியாமலே எங்கேயோ ஒரு பெருங்கட்டடத்தில் வரிசை வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் யந்திரங்களின் உழைப்பை அனுபவிக்கிறார்கள் என்பதும், அந்த யந்திரங்கள் பெரும்பாலும் சினிமாக் கம்பெனிக்கோ சாப்பாட்டுக் கம்பெனிக்கோ சொந்தமானவை அல்ல, மூன்றாம் ஒருவரிடமிருந்து மணிக் கணக்கில் வாடகைக்குப் பிடிக்கப்பட்டவை என்பதும், இந்த ஏற்பாட்டுக்குக் கிளவுட் என்று பெயர் என்பதும் பத்திரிகை வாசகர்களுக்குப் புதிய விஷயமல்ல. அந்த ஏற்பாட்டைக் குறை கூறுவது என் நோக்கமன்று. சொந்தத்தில் சர்வர் வாங்கி, அதற்குக் குளிர்சாதனமும் தடைபடாத மின்சாரமும் இரவு பகலாகக் காவலும் ஏற்படுத்திப் பரிபாலிப்பது சிறிய ஸ்தாபனங்களுக்குக் கட்டுப்படியாகாத காரியம். ஆயினும், வாடகைக்கு எடுத்த யந்திரம் எவ்வளவு உழைத்தது, எந்த வேளையில் திணறியது, வந்த கோரிக்கைகளில் எத்தனையைக் கைவிட்டது என்னும் அளவீடுகளையும் வாடகைக்கு விட்டவரே எடுத்து, அவரே சேமித்து, தமக்கு உசிதமென்று தோன்றிய காலம்வரை வைத்திருந்து, பிறகு அழித்தும் விடுகிறார் என்பதைப் பற்றி நம்மில் அநேகர் யோசித்ததாகத் தெரியவில்லை.

பால்காரர் யோக்கியர் என்பதில் எள்ளளவும் சந்தேகம் இல்லாத வீட்டில்கூட, சமையலறைக் காலண்டரில் தேதிக்குக் கீழே அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று பென்சிலால் குறித்து வைக்கும் வழக்கம் உண்டு. மாதக் கடைசியில் இரண்டு கணக்கையும் ஒத்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் சமாதானம். லட்சக் கணக்கில் வாடகை செலுத்தும் ஸ்தாபனங்கள் இந்தச் சாதாரண ஜாக்கிரதையைக் கைக்கொள்ள வேண்டும் என்பதும், அதற்கு வேண்டிய சாதனம் எவர் தயவும் இன்றி இலவசமாகவே கிடைக்கிறது என்பதும்தான் என் அபிப்பிராயம்.

முதலில் அளந்தவரின் கணக்கு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். இத்துறையில் மூத்தவரான அமேசான் நிறுவனம் 2009-ஆம் வருஷம் முதல் கிளவுட்வாட்ச் என்ற அளவீட்டுச் சேவையை நடத்தி வருகிறது. தனியாகக் கட்டணம் செலுத்தாதவருக்கு அது சர்வரின் உழைப்பை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறைதான் சொல்லும். நிமிஷத்துக்கு ஒரு முறை அறிய விரும்பினால் அதற்கு வேறு கட்டணம். ஐந்து நிமிஷம் என்பது என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். ஒரு சர்வர் ஒரு நிமிஷம் முழு மூச்சில் நூறு சதவிகிதம் உழைத்துத் தத்தளித்துவிட்டு, அடுத்த நான்கு நிமிஷங்கள் பத்து சதவிகிதத்தில் இளைப்பாறியிருந்தால், சராசரியை மட்டும் பார்ப்பவருக்குத் தெரிவது 28 சதவிகிதம் என்னும் நிம்மதியான எண். அந்த ஒரு நிமிஷத்தில் பணம் கட்ட முடியாமல் திரும்பிப் போன வாடிக்கைக்காரர்கள் அந்த எண்ணில் எங்கும் தென்படமாட்டார்கள். நிமிஷக் கணக்கும் 15 நாள்தான் நிலைக்கும். அதன்பின் ஐந்து நிமிஷத் தொகுப்பாகச் சுருங்கி 63 நாள்வரையும், ஒரு மணி நேரத் தொகுப்பாக மேலும் சுருங்கி 455 நாள்வரையும் இருந்து, பிறகு இல்லாமற் போய்விடும். ஆகவே, இந்தத் தீபாவளி விற்பனைக் கூட்டத்தைத் தாங்க எத்தனை சர்வர் பிடிக்க வேண்டும் என்று கணக்கிடும் வியாபாரிக்குப் போன தீபாவளியின் கணக்கு மணி வாரியாக மட்டும் கிடைக்கும். அதற்கு முந்தின தீபாவளியைப் பற்றிக் கேட்டால் பதிலே கிடைக்காது.

இனி அந்த இலவசச் சாதனத்தைப் பற்றி. பெர்லின் நகரத்தில், இசைப் பதிவுகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் சவுண்ட்கிளவுட் என்னும் நிறுவனத்தில், கூகுளில் முன்பு பணியாற்றியவர்களான மேட் பிரௌட், ஜூலியஸ் வோல்ஸ் என்ற இருவர், கூகுளின் உள்ளே மட்டும் புழங்கிய போர்க்மான் என்னும் கண்காணிப்பு முறையின் நினைவோடு 2012-இல் தொடங்கிய வேலையே புரோமிதியஸ். 2015-இல் பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட அந்த மென்பொருளை மறு வருஷமே, கூபர்நெட்டீஸ் என்னும் மென்பொருளை அடுத்து இரண்டாவது திட்டமாக, கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன் என்னும் பொது ஸ்தாபனம் தன் பாதுகாப்பில் ஏற்றுக்கொண்டது. மூல நிரல் வெளிப்படையாக இருப்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்து நிறுவலாம், திருத்தலாம். எவரும் விலை கேட்கமாட்டார்கள். அது வேலை செய்யும் முறையும் எளிமையானதே. யார் தன்னிடம் வந்து சொல்வார்கள் என்று காத்திராமல், குறித்த இடைவெளியில் ஒவ்வொரு யந்திரத்தின் வாசலுக்கும் தானே போய், அங்கே எழுதி வைத்திருக்கும் எண்களை வாசித்துக்கொண்டு வருகிறது. அந்த எழுத்தும் மனிதக் கண்ணுக்கே புரியக்கூடியது: ஒரு வரியில் முதலில் அளவீட்டின் பெயர், அதையடுத்து அடைப்புக்குள் எந்த யந்திரம், எந்த வட்டாரம் என்கிற அடையாளங்கள், ஓர் இடைவெளி விட்டு ஓர் எண், அவ்வளவே. இந்த எளிமை காரணமாகத்தான் அந்த எழுத்து முறை உலகமெங்கும் பொது வழக்காகிவிட்டது என்று நான் கருதுகிறேன்.

நம் சொந்த நிரல்களும், நாம் உள்ளே புகக்கூடிய சர்வர்களும் இந்த வாசலைத் தாமே திறந்து வைக்கலாம். ஆனால் வாடகைக்கு விட்டவரே முழுப் பொறுப்பும் ஏற்று நடத்தும் தரவுத்தளம், போக்குவரத்தைப் பகிர்ந்து அனுப்பும் லோடு பேலன்ஸர் போன்றவற்றின் உள்ளே நமக்குப் பிரவேசம் இல்லை. அவற்றைப் பற்றிய எண்கள் அவர் கிடங்கில்தான் இருக்கின்றன. அங்கேதான் எக்ஸ்போர்ட்டர் என்று தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் சிறு மென்பொருள் உதவிக்கு வருகிறது. அது கிளவுட்வாட்சிடம் கேட்டு எண்களை வாங்கி, மேலே சொன்ன எளிய வரிகளாக எழுதி வைக்கிறது. புரோமிதியஸ் வந்து எடுத்துக்கொள்கிறது.

இதனால் என்ன பிரயோஜனம் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். அமேசானின் மலிவான சர்வர் வகைகளில் டி2 மைக்ரோ என்று ஒன்று உண்டு. அது எப்போதும் முழு வேகத்தில் ஓடும் உரிமை உடையதன்று. மணிக்கு 6 கிரெடிட் வீதம் சம்பாதித்து, அதிகபட்சம் 144 வரை சேர்த்து வைத்து, ஒரு நிமிஷ முழு உழைப்புக்கு ஒரு கிரெடிட் என்று செலவழிக்க வேண்டும். கூட்டம் சேர்ந்து இடைவிடாமல் உழைக்க நேர்ந்தால் அந்தச் சேமிப்பு மூன்று மணி நேரத்துக்குள் தீர்ந்துபோய், சர்வரின் வேகம் பத்தில் ஒரு பங்காகக் கட்டுப்படுத்தப்படும். இப்போது பாருங்கள்: இணையதளம் நகர மறுக்கிறது என்று புகார் வருகிறது, நிரல் எழுதினவர் தம் அளவீடுகளைப் பார்க்கிறார், காலையில் அரை விநாடியில் முடிந்த வேலை மத்தியானத்தில் ஐந்து விநாடி எடுப்பது தெரிகிறதே ஒழிய, காரணம் தெரியவில்லை, தம் நிரலையே சந்தேகித்து இரவெல்லாம் விழித்திருக்கிறார். கிரெடிட் எவ்வளவு மிச்சம் என்ற எண் கிளவுட்வாட்சில், வேறொரு திரையில், வேறொரு கடவுச்சொல்லுக்குப் பின்னால் கிடக்கிறது. இரண்டும் ஒரே கிராஃபில் ஒரே காலக்கோட்டின்மேல் வரையப்பட்டிருந்தால், ஒரு கோடு தரையைத் தொட்ட அதே நிமிஷத்தில் மற்றொரு கோடு எழும்பியிருப்பதைக் கண்டு, சர்வரை மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு ஐந்து நிமிஷத்தில் வந்திருக்கலாம். இரு தரப்பு எண்களும் ஒரே இடத்தில் சேராத வரையில் பழி யார்மேல் என்பது ஊகமாகவே இருக்கும். ஊகத்தில் பெரும்பாலும் தோற்பவர் வாடகை கொடுப்பவரே.

அடுத்தது பணவிஷயம். அமேசானின் விலைப்பட்டியலில், இப்படி மொத்தமாக எண்களைக் கேட்டு வாங்குவதற்கு ஆயிரம் அளவீட்டுக்கு ஒரு சென்ட் என்று போட்டிருக்கிறது. அற்பத் தொகைதான். ஆயிரம் அளவீடுகளை நிமிஷத்துக்கு ஒரு முறை கேட்டால் ஒரு நாளைக்கு 14 டாலர் 40 சென்ட். முப்பது நாளைக்கு 432 டாலர். அதே முப்பது நாளில் சேர்ந்த எண்கள் நாலு கோடியே 32 லட்சம். புரோமிதியஸ் ஓர் எண்ணைச் சராசரியாக ஒன்று முதல் இரண்டு பைட்டுக்குள் சுருக்கிவிடுவதால், அத்தனையும் 90 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பென் டிரைவில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. நம் உபயோகத்தைப் பற்றி நமக்குத் தெரிவிப்பதற்கு இவ்வளவு விலை வைப்பது நியாயமா என்ற கேள்வியை நான் கேட்காமல் இருக்க முடியவில்லை. எண்களைக் கேட்டு வாங்காமல் ஓடைபோலப் பெற்றுக்கொள்ளும் மெட்ரிக் ஸ்ட்ரீம்ஸ் என்ற மார்க்கத்தை 2021-இல் அமேசான் ஏற்படுத்தியது; அதற்கு விலை சற்றுக் குறைவு என்பது வாஸ்தவம். ஆனாலும் விலை உண்டு. எனவே இதில் இறங்குகிறவர்கள் கண்ட அளவீட்டையெல்லாம் வாரி எடுக்காமல், தங்கள் காரியத்துக்கு அத்தியாவசியமானவற்றைத் தேர்ந்து, நிமிஷத்துக்கு ஒரு முறைக்குப் பதில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை போதுமானவற்றுக்கு அவ்வாறே செய்தால் செலவு ஐந்தில் ஒன்றாகிவிடும். (இதில் ஒரு வேடிக்கை: இலவசமான புரோமிதியஸையே தாம் நடத்தித் தருவதாகச் சொல்லி, அதற்கும் வாடகை வாங்க அமேசான், கூகுள், மைக்ரோசாப்ட் மூவரும் கடை விரித்திருக்கிறார்கள்.)

ஆட்சேபங்கள் இல்லாமல் இல்லை. கிளவுட்வாட்சில் எண்கள் முழுமையாகச் சேர்வதற்குச் சிறிது அவகாசம் வேண்டியிருப்பதால், புரோமிதியஸ் குழுவினரே பராமரிக்கும் எக்ஸ்போர்ட்டர், நாம் மாற்றி அமைக்காத பட்சத்தில், பத்து நிமிஷத்துக்கு முந்தைய எண்ணைத்தான் கேட்டு வாங்கும். ஆபத்து வந்த கணமே மணியடிக்க அது லாயக்கில்லை. புரோமிதியஸும் நாம் சொல்லாவிட்டால் 15 நாள் கணக்கைத்தான் வைத்துக்கொள்ளும். நீட்டித்து வைக்கும்படி அமைப்பது நம் பொறுப்பு. அதை நடத்த ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். இவையெல்லாம் உண்மையே, இவற்றில் எதுவும் கணக்கே வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது.

கனமான ஆட்சேபம் வேறொன்று இருக்கிறது: அளப்பவரே விழுந்துவிட்டால் பிரதி எடுத்து என்ன பயன்? 2020 நவம்பர் 25-ஆம் தேதி அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் அதுதான் நடந்தது. அமேசானின் கினிசிஸ் என்ற சேவையில் சிறிது கொள்ளளவைக் கூட்டப்போக, அதன் சர்வர்கள் இயங்குதளம் அனுமதித்த எல்லையைக் கடந்து ஸ்தம்பித்தன. கினிசிஸை நம்பியிருந்த கிளவுட்வாட்சும் தடுமாறி, எச்சரிக்கை மணிகள் போதிய தகவல் இல்லை என்ற நிலைக்குப் போயின. சேவைகளின் நிலைமையை உலகுக்கு அறிவிக்கும் பலகையைத் திருத்துவதற்கான கருவியும் பாதிக்கப்பட்ட இன்னொரு சேவையைச் சார்ந்திருந்தபடியால், வழக்கமான முறையில் செய்தியை வெளியிட முடியாமல் போயிற்று. அன்று எக்ஸ்போர்ட்டரும் மௌனமாகத்தான் இருந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பின் அமேசான் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் ஒரு விஷயம் கவனத்துக்கு வரும்: இனிமேல் கடைசி மூன்று மணி நேர அளவீடுகளைக் கிளவுட்வாட்ச் தன் உள்ளூர்க் கிடங்கிலேயே ஒரு பிரதியாக வைத்திருக்கும்படி மாற்றி அமைப்பதாக அதில் சொல்லியிருந்தார்கள். அளப்பவருக்கே அருகில் ஒரு பிரதி தேவைப்பட்டதென்றால், அளக்கப்படுகிறவருக்கு அது வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? அன்றியும், வேறொரு வட்டாரத்திலோ சொந்த அலுவலகத்திலோ நிறுவிய புரோமிதியஸ், வாடகைக்கு விட்டவரின் எண்களோடு நில்லாமல், வெளியிலிருந்து நம் தளத்தின் கதவைத் தானே தட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளவும் வல்லது. கிளவுட்வாட்ச் மௌனமான வேளையிலும் அந்தத் தட்டலுக்குப் பதில் வந்ததா இல்லையா என்பது பதிவாகியிருக்கும். ஒப்பந்தப்படி நஷ்டஈடு கோர வேண்டிய தருணத்தில் அதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது.

சரி, இதற்கு அரசு விதி ஏதேனும் உண்டா? கணினிப் பதிவேடுகளை 180 நாளுக்கு இந்தியாவுக்குள்ளேயே பாதுகாத்து வைக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. அது பாதுகாப்புக் கருதிப் பிறந்த விதி. யார் எப்போது உள்ளே வந்தார், என்ன செய்தார் என்கிற பதிவுகளைப் பற்றியது. யந்திரம் எப்படி உழைத்தது என்ற அளவீடுகளைப் பற்றி அது பேசவில்லை. அரசாங்க இலாகாக்களும் பல்கலைக்கழகங்களும் மின்வாரியங்களும் பொதுப் பணத்தில் கிளவுட் சேவைகளை வாங்கும் இந்நாளில், டெண்டர் பத்திரங்களில் இன்னும் ஒரு ஷரத்தைச் சேர்க்க வேண்டும் என்று சம்பந்தப்பட்ட அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: சேவை தருகிறவர் எடுக்கும் அளவீடுகள் அனைத்தையும், எடுத்த இடைவெளியிலேயே, எல்லாரும் வாசிக்கக்கூடிய திறந்த வடிவத்தில், தனிக் கட்டணம் இல்லாமல், வாங்குகிறவரின் சொந்தக் கண்காணிப்புக் கிடங்குக்கு அனுப்பித் தர வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டால் இது கிடைக்கும்.