அகன்ற பாதமும் ஸ்கேட்டிங் பூட்ஸும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஃபிகர் ஸ்கேட்டிங் பயிலும் சிறுவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையில் பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாதது கண்டு, இதை எழுதத் துணிகிறேன்.

என் மகளின் பாதம் முன்புறம் அகன்றும் குதிகாலில் குறுகியும் அமைந்தது. அகலம் போதவில்லை என்று நாங்கள் முறையிட்டபோது, கடைக்காரர் ஒருவர் நீளத்தில் ஓர் அளவு கூடிய ஜோடியையே கொடுத்தனுப்பினார். அதனால் விரல்களுக்குச் சிறிது இடம் கிடைத்ததேயன்றி, குதிகால் ஒவ்வோர் அடியிலும் மேலெழும்ப, பூட்ஸ் மடங்கும் இடமும் கணுக்கால் மடங்கும் இடமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல், குழந்தை ஒரு பருவம் முழுவதும் உரிந்த தோலோடும் கண்ணீரோடும் அப்பியாசம் செய்தாள். அந்த வேதனை இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

அகலம் என்பது நீளத்தினின்றும் வேறான தனி அளவு. கனடாவின் ஜாக்ஸன், அமெரிக்காவில் ரெட் விங் நகரில் 1945-இல் தோன்றிய ரீடெல், இத்தாலியின் எடியா முதலிய நிறுவனங்கள் ஒரே நீளத்திற்குப் பல அகலங்களில் பூட்ஸ் செய்கின்றன. எழுந்து நின்று, தேகத்தின் பாரம் முழுவதும் பாதத்தில் இறங்கிய நிலையில் அளவெடுப்பது அவசியம். சூடேற்றி வடிவத்துக்கு இணக்குவதும், எலும்பு புடைத்த இடத்தில் தோலை விரிப்பதும் ஓரளவு சகாயம் செய்யுமாயினும், குறுகிய அடித்தளத்தை அவை அகலமாக்குவதில்லை. ஆகவே, பயிற்சிக் கழகங்கள் ஒவ்வொரு பருவத்தின் ஆரம்பத்திலும், தேர்ந்த ஒருவரைக்கொண்டு குழந்தைகளின் இரு பாதங்களையும் நீளம் அகலம் இரண்டிலும் அளந்து தரவேண்டும் என்று பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
டொராண்டோ