சீனச்சட்டியில் ஒரு சீனக்கறி

அறுபது தாண்டியவர்கள் வீட்டில் வாரம் 2 நாளாவது டோஃபு சமைக்க வேண்டும் என்பது என் கட்சி. விராலிமலையில் என் வயது நண்பர்களிடம் இதைச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள். "சீனாக்காரன் சாப்பாடு நமக்கு எதுக்கு சார்?" என்பதுதான் முதல் கேள்வி. ருசி பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பரவாயில்லை. பெயரைக் கேட்டதுமே வேண்டாம் என்கிறார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

டோஃபு ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. சோயா பயறை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்து, காய்ச்சித் திரையவிட்டு, துணியில் வடிகட்டி அழுத்தினால் கிடைக்கும் கட்டிதான் அது. மாட்டுப்பாலில் பனீர் செய்கிறோமே, அதே வேலை. திருச்சியில் பெரிய கடைகளில் 'சோயா பனீர்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பல வருடங்களாகக் குருமாவிலும் பிரியாணியிலும் போட்டுச் சாப்பிடுகிறோமே மீல் மேக்கர், அதுவும் இதே சோயாதான். எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மாவில் செய்வது. அதைச் சாப்பிடுகிறவர்கள் இதைக் கண்டு ஒதுங்குவது எனக்குப் புரியவில்லை.

சீனப் பெயர்தான் உறுத்துகிறது என்றால், நம் அடுப்படியைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். வடை சுடுவது சீனச்சட்டியில். காபியில் போடுவது சீனி. இரண்டு சொல்லிலும் சீனா உட்கார்ந்திருக்கிறது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. ஐந்நூறு அறுநூறு வருடங்களுக்கு முன்னால் நம் ஊர்க் குழம்புக்கு மிளகாயே கிடையாது, காரத்துக்கு மிளகுதான். நம் மலைமேல் இருக்கும் முருகனுக்குச் சுருட்டு வைத்துப் படைக்கிறோம். அந்தப் புகையிலையும் கடல் கடந்து வந்த இலைதான். சாமியே ஏற்றுக்கொண்ட பிறகு ஆசாமிக்கு என்ன தயக்கம்?

மதுரை ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் கொடும்பாளூர். மூவர் கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள், அந்த ஊர் ஒரு காலத்தில் மணிக்கிராமத்தார் என்ற வணிகக்குழு இருந்த ஊர் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். தாய்லாந்தில் தக்குவாபா என்ற இடத்தில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில், ஒரு குளத்துக்குக் காவலாக மணிக்கிராமத்தார் பெயர் வருகிறது. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் வருடத்துத் தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது, சிவன் கோயிலைப் பற்றியது. கிழக்கே போய் வந்த பரம்பரை நாம். ஒரு கறிக்குப் பயப்படலாமா?

சரி, எதற்காக இத்தனை வக்காலத்து? காரணம் நம் கால்கள். வயதானால் தொடையிலும் கெண்டைக்காலிலும் சதை தானாகவே குறையும். போதிய புரதம் இல்லாவிட்டால் இன்னும் வேகமாகக் குறையும். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாதவர்கள் நம்மில் எத்தனை பேர்? பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. 60 கிலோ எடை என்றால் சுமார் 50 கிராம். பல் போனதும் கறியை விட்டோம். வாயு என்று சுண்டலை விட்டோம். மிஞ்சியது ரசம் சாதமும் மோர் சாதமும். இதில் 50 கிராம் எங்கிருந்து வரும்? 100 கிராம் கெட்டி டோஃபுவில் 10 கிராமுக்குக் குறையாமல் புரதம் உண்டு. பல்லே இல்லாவிட்டாலும் ஈறால் மெல்லலாம். மலைப்படி ஏறி முருகனைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

செலவும் அதிகமில்லை. கால் கிலோ சோயா பயறு சுமார் 30 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அதில் 350 கிராம் அளவுக்கு டோஃபு கிடைக்கிறது. இரண்டு பேருக்கு இரண்டு வேளைக்குக் காணும். அதே எடைக்குப் பனீர் வாங்கினால் பென்ஷன்காரன் யோசிக்க வேண்டியிருக்கும்.

செய்முறை இதுதான். பயறை இரவே ஊறப்போட்டு, காலையில் மிக்ஸியில் நைசாக அரைத்து, மொத்தம் 2 லிட்டர் தண்ணீர் சேர்த்து அகலமான பாத்திரத்தில் காய்ச்சுங்கள். பொங்கி வழியும், பக்கத்திலேயே நில்லுங்கள். கொதி வந்தபின் 10 நிமிடமாவது சிறு தீயில் கிண்ட வேண்டும். பச்சை சோயா செரிக்காது, வாடையும் போகாது. துணியில் பிழிந்து பாலைத் தனியே எடுத்து மறுபடி சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, 3 எலுமிச்சம்பழச் சாற்றைத் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கால் மணி நேரத்தில் திரைந்துவிடும். துணியில் வடித்துக் கட்டி, மேலே குழவிக்கல்லை அரை மணி நேரம் வையுங்கள். பிழிந்த சக்கையை எறிய வேண்டாம், அடை மாவில் சேரும்.

பிறகு சீனச்சட்டியில் 2 ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு டோஃபு துண்டுகளைச் சிவக்கப் புரட்டித் தனியே எடுங்கள். அதே எண்ணெயில் இஞ்சி, பூண்டு, 2 வரமிளகாய், வெங்காயம், குடைமிளகாய் வதக்கி, ஒரு ஸ்பூன் சோயா சாஸ், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்த ஒரு ஸ்பூன் சோளமாவு சேர்த்துக் கொதிக்கவிட்டு, டோஃபுவைப் போட்டு மிளகுத்தூளும் வெங்காயத்தாளும் தூவி இறக்குங்கள். சுடுசோற்றுக்குச் சரியாக இருக்கும்.

சீனாவிலும் இது ஏழைகள் சாப்பாடுதான். சிச்சுவான் மாகாணத்தில் செங்டு நகரத்து 'மாப்போ டோஃபு' உலகப் புகழ் பெற்றது. மாப்போ என்றால் அம்மைத் தழும்பு முகத்து ஆச்சி என்று பொருள். 1862 வாக்கில் அந்த ஆச்சி கடையில் எண்ணெய்ச் சுமை தூக்குகிறவர்கள் வந்து சாப்பிட்டார்கள் என்று சொல்வார்கள். கண்ணைப் பறிக்கும் சிவப்புச் சாயத்தோடு ஃபாஸ்ட்புட் கடையில் கிடைப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சில எச்சரிக்கைகள். சோயா சாஸில் உப்பு மிக அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த ஒரு ஸ்பூனோடு நிறுத்தி, வேறு உப்பு போட வேண்டாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரையோடு ஒட்டிச் சோயா சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. எத்தனை மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

டோஃபுவுக்கென்று தனி ருசி கிடையாது என்பார்கள், உண்மைதான். எந்தக் குழம்பில் போட்டாலும் அதன் ருசியை உறிஞ்சிக்கொள்ளும். சோயா சாஸ் வாடை பிடிக்காதவர்கள் பூண்டுக் குழம்பில் போட்டுப் பாருங்கள். வீட்டுக்காரம்மாவைத் தொந்தரவு செய்யாமல் பயறை நீங்களே ஊறப்போடலாம், அரைக்கலாம், பிழியலாம். ரிட்டையர் ஆனவருக்கு நேரத்துக்கா பஞ்சம்?