பெல்டியரைக் கழட்டுங்க, பெட்டியைப் பாருங்க

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டைட்டில் தேடிக்கிட்டிருக்கும் மூணாம் வருஷ ஜூனியர்ஸுக்கு ஒரு வேண்டுகோள். 'படகுக்குக் குறைந்த செலவில் குளிர்சாதனம்' என்று யோசனை வந்தால், தயவுசெய்து பெல்டியர் மாட்யூலில் ஆரம்பிக்காதீங்க. நாங்க ஆரம்பிச்சோம்.

ஏழாவது செமஸ்டரில் நாங்க செய்தது இதுதான்: ஒரு 12706 மாட்யூல், கம்ப்யூட்டரிலிருந்து கழட்டின ஹீட் சிங்க், ரெண்டு ஃபேன், 12 வோல்ட் பேட்டரி, டெம்பரேச்சர் காட்ட மொபைலில் ஒரு ஆப். ரிவ்யூவில் நல்ல பேர் கிடைத்தது. அந்த உற்சாகத்தில், நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் போட் வைத்திருக்கும் டீம்மேட்டோட பெரியப்பாகிட்ட கொண்டுபோனோம். மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டுப் பார்த்தார். "ஜில்லுன்னுதான் இருக்கு. இதுல எத்தன மீன் வைக்கலாம் தம்பி?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். ஆறு லிட்டர் பெட்டி. ஒரு நல்ல வஞ்சிரம் வாலை மடக்கினாலும் உள்ளே போகாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

அதுக்கப்புறம்தான் பேப்பரில் கணக்குப் போட்டோம். (முதல்லயே போட்டிருக்கணும். ரெண்டு வருஷம் தெர்மோ படிச்சவங்க நாங்க.) 100 கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவர, சுமார் 3 யூனிட் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். இந்த அளவு வித்தியாசத்தில் பெல்டியரின் சிஓபி 0.4 வந்தாலே பெரிய விஷயம். அதாவது 7 யூனிட்டுக்கு மேல் கரண்ட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி ஒன்றில் பாதி வரைக்கும்தான் எடுக்கலாம் என்று வைத்துக்கொண்டால் 0.6 யூனிட். ஒரு டஜன் பேட்டரியை ஏற்றிவிட்டு வலையை எங்கே வைப்பது? சின்ன டிசி கம்ப்ரஸர் போட்டாலும் நாலு பேட்டரி வேண்டும். 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்குத் தருவது சுமார் 0.4 யூனிட். பெரியப்பா எஞ்சினில் ஆல்டர்னேட்டரும் கிடையாது, கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் டீசல் எஞ்சின்.

அதே 3 யூனிட் குளிர்ச்சி 32 கிலோ ஐஸில் இருக்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல். கடலுக்குக் கொண்டுபோக இதைவிட மலிவான பேட்டரி எனக்குத் தெரியவில்லை. உப்புக் காற்றில் துருப்பிடிக்காது, ஷார்ட் ஆகாது. மீனை உறைய வைக்காமல் பூஜ்யத்திலேயே ஈரத்தோடு வைத்திருக்கும்.

அப்போ பெரியப்பாவோட பிரச்சினைதான் என்ன? ஐஸ் கிடைக்காதது இல்லை. வாங்கின ஐஸ் கரைக்கு வரும் வரை நிற்காததுதான். மத்தியானம் கிளம்பி மறுநாள் காலையில் திரும்புகிற போட். முதலில் விழுந்த மீனுக்கு மேல் காலையில் வெறும் தண்ணிதான் நிற்கும். ஏலத்தில் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவங்க அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாங்க, விலை அங்கேயே இறங்கிவிடும்.

அவர் பெட்டியின் ஒரு பக்கத்தை அறுத்துப் பார்த்தோம். பிளைவுட், ஒரு இன்ச் தெர்மாகோல், உள்ளே ஃபைபர் பூச்சு. மூலையில் ஃபைபர் விரிசல் விட்டு, தண்ணி உள்ளே போய், தெர்மாகோலைப் பிழிந்தால் சொட்டியது. நனைந்த இன்சுலேஷன் பாதி வேலைகூட செய்யாது. சரி, காய்ந்த தெர்மாகோல் என்றே வையுங்கள். ஒன்றரை சதுர மீட்டர் பெட்டிக்குள் சுமார் 65 வாட் வெப்பம் நுழையும், அதாவது மீனே இல்லாமல் ஒரு நாளைக்கு 17 கிலோ ஐஸ் காலி. அதே பெட்டிக்கு மூணு இன்ச் பாலியூரித்தேன் ஃபோம் போட்டால் 15 வாட், 4 கிலோ ஐஸ். இதைக் கையால் போட்டுப் பார்த்த ராத்திரிதான் எங்க ப்ராஜெக்ட் மாறியது.

எட்டாவது செமஸ்டரில் பெட்டிதான் செய்தோம். ரெண்டு கெமிக்கலையும் கலந்து பிளைவுட்டுக்கு நடுவில் ஊற்றினால் ஃபோம் பொங்கி நிறைந்துகொள்ளும் (முதல் தடவை அளவு தப்பி, பொங்கி, பலகையே பிளந்தது). உள்ளேயும் வெளியேயும் ஃபைபர். உருகின தண்ணி வெளியேற அடியில் அடைப்பான் வைத்த ஒரு துளை. பழைய பெட்டியில் 10 கிலோ, புதுசில் 10 கிலோ ஐஸ் போட்டு நிழலில் வைத்தோம். மறுநாள் பழையதில் தண்ணி மட்டும். புதுசில் பாதிக்கு மேல் கட்டியாகவே இருந்தது.

ரிவ்யூவில் ஒருத்தர் கேட்டார்: "இதுல புதுமை என்ன? இது பெட்டிதானே?" ஆமாம் சார், பெட்டிதான். ஆப் வைத்திருந்தபோது கிடைத்த மார்க் இதுக்குக் கிடைக்கவில்லை. அது எனக்கு இன்னும் கோபம்தான், மறைக்கவில்லை.

கம்ப்ரஸரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தங்குகடலுக்குப் போய் நாலஞ்சு நாள் நிற்கும் பெரிய விசைப்படகு என்றால் கணக்கே வேறு, அங்கே எஞ்சினே கரண்ட் தரும். ஆனா அங்கேயும் இன்சுலேஷனை முதலில் போட்டால் கம்ப்ரஸர் சைஸ் குறையும். இன்னொன்று: பழைய வீட்டு ஃப்ரிட்ஜைக் கழட்டிப் போடலாம் என்று யோசிக்கிறவங்க முதலில் அதன் ஸ்டிக்கரைப் படிங்க. ஆர்600ஏ என்றிருந்தால் அது ஐசோபியூட்டேன், எரியக்கூடிய வாயு. காற்றைவிடக் கனம். கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும். அங்கே ஒரு ஸ்விட்ச்சின் பொறி போதும். இதை விளையாட்டாக எடுத்துக்காதீங்க.

பெட்டி இப்போ போட்டில்தான் இருக்கு. பெரியப்பாவுக்கு ரெண்டு குறை. மூடி ரொம்பக் கனமாம், அலையில் ஒரு கையால் தூக்க முடியலையாம். மூடி ஓரத்து ரப்பரும் ஒரு மாசத்தில் உரிந்துவிட்டது, அந்த இடைவெளியில்தான் இப்போ குளிர் போகுது. எங்களுக்கு எக்ஸாம் வந்துவிட்டது. மூடியை ரெண்டு துண்டாகப் பிரிப்பதா, கீலை மாற்றுவதா என்று முடிவு செய்யாமலே நிற்கிறோம். யாராவது எடுத்துக்கறீங்களா? டிராயிங், மிச்ச ஃபோம், பெரியப்பா நம்பர் மூணும் தரேன்.