காலடியில் கனிமம்! கைநழுவும் வேலை!



1909ஆம் ஆண்டு. ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதைத் தேடிக் கடல் கடந்து வந்து மணவாளக்குறிச்சியில் ஆலை அமைத்தார். கயிற்றில் ஒட்டிய மணலுக்காக அவர் இங்கே வந்தார். அந்த மணலை மிதித்து வளர்ந்த நீ எங்கே போகிறாய்?

பி.இ. முடித்த கையோடு விசிட் விசா! தக்கலையிலும் குளச்சலிலும் திருவிதாங்கோட்டிலும் இதுதானே வழக்கம்? அங்கே போய் என்ன ஆகிறாய்? பொறியாளராகவா? ஸ்டோர் கீப்பராக, டைம் கீப்பராக!

அந்தக் கதவும் முன்போல் இல்லை. 5 ஆண்டு அனுபவம் இல்லாத வெளிநாட்டுப் பொறியாளர்களை எடுப்பதில்லை என்று 2017இல் சவூதி அறிவித்தது. 2018இல் குவைத், படித்த கல்லூரிக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் உண்டா என்று கேட்டது. பல்லாண்டு வேலை பார்த்தவர்களே தவித்துப் போனார்கள்.

ஊரருகே என்ன இருக்கிறது? மணவாளக்குறிச்சியில் இந்திய அருமணல் நிறுவனத்தின் மணல் ஆலை. பக்கத்து மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ. மூன்றும் மத்திய அரசுடையவை. அங்கே நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

'பாரபட்சம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதே. அரசு வேலைகளில் நம் பங்கு மக்கள்தொகை விகிதத்தைவிட மிகக் குறைவு என்று 2006இல் சச்சார் குழுவே சொன்னது. பாரபட்சம் இருக்கும் இடத்தில் போராடுவோம். ஆனால் விண்ணப்பமே போடாதவனுக்காக யாரிடம் நியாயம் கேட்பது?

இன்னொரு அறியாமை! 2007இல் கிடைத்த 3.5 சதவீதம் மாநில அரசுப் பணிகளுக்குத்தான். மத்திய நிறுவனங்களில் அது செல்லாது. அங்கே ஓ.பி.சி.க்கு 27 சதவீதம். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள் அந்தப் பட்டியலில் உண்டு. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயர் அல்லாதவர் என்ற சான்றிதழ் வேண்டும். உன்னிடம் இருக்கிறதா? அணுமின் கழகம் கேட் மதிப்பெண் பார்த்துப் பயிற்சிப் பொறியாளர்களை எடுக்கிறது. கேட் எழுதினாயா?

வியாபாரப் பெரியவர்களே! கடைக்கு வரும் புதுப் பையனை முதல் நாளே கல்லாவில் உட்கார வைப்பீர்களா? மூட்டை பிரித்து, சரக்கு அறிந்த பிறகுதானே? பொறியாளரும் அப்படித்தான். அப்ரண்டிஸ் சட்டப்படி பட்டதாரிக்கு ஓராண்டுப் பயிற்சி உண்டு. 2019 விதிப்படி குறைந்த உதவித்தொகையே மாதம் 9000 ரூபாய். "இதற்கா இவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்தேன்?" என்று பிள்ளையைத் தடுக்காதீர்கள்!

ஆலையில் அவன் என்ன கற்பான்? ஒரு பிடி மணலில் இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும், ரூட்டைல் மின்சாரம் கடத்தும், சிர்கான் கடத்தாது. அந்த வித்தியாசத்தை வைத்தே பிரிக்கிறார்கள். புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததை இரவு ஷிப்டில் கண்ணால் பார்ப்பான். பேரிங் கெடப் போவதைச் சத்தத்திலேயே சொல்லும் பழைய ஃபிட்டரிடம் பாடம் படிப்பான். எந்த நாட்டுக்குப் போனாலும் பேசப்போவது இந்த அனுபவம்தான்.

'மணல் அள்ளுவதால் கதிர்வீச்சு ஆபத்து, கடலரிப்பு' என்று கடலோர மக்கள் போராடுகிறார்களே, அங்கே போகலாமா என்கிறாயா? அவர்கள் கேட்பவை நியாயமான கேள்விகள். அளவுகருவியைப் படிக்கத் தெரிந்தவன் நம்மில் இருந்தால் அந்தக் கேள்விக்கு வலு கூடுமா, குறையுமா?

சகோதரனே! வளைகுடாவுக்குப் போகாதே என்று சொல்லவில்லை. வெறுங்கையோடு போகாதே என்கிறோம். நாளைக்கே தாலுகா அலுவலகம் போ. சான்றிதழுக்கு மனுக் கொடு. டிராவல்ஸ் வாசலுக்கு அப்புறம் போகலாம்!