பேய்க்கதை நிலைத்தது, பள்ளிவாசல் போனது

டெல்லி மெஹ்ரௌலியை ஒட்டிய சஞ்சய் வனத்தைப் பற்றி இணையத்தில் தேடினால் பேய்க்கதைகள்தான் கொட்டுகின்றன. வெள்ளைச் சேலைப் பெண், இரவில் கேட்கும் அழுகுரல், இன்னும் என்னென்னவோ. சிதைந்த சுவர்களும் பழைய கப்ருகளும் உள்ள காட்டுக்கு இப்படிப் பெயர் வருவது புதிதல்ல. மரணித்தவர்களின் ரூஹுகள் பர்ஸக்கில் இருக்கின்றன, காட்டில் அலைவதில்லை என்பது நம் மக்தப் பிள்ளைகளுக்கே தெரியும்.

நம் கவலை வேறு. அதே வனத்தில் இருந்த அகூன்ஜி பள்ளிவாசலை 2024 ஜனவரி 30 அதிகாலையில் டெல்லி வளர்ச்சி ஆணையம் இடித்துத் தள்ளியது. மதரஸாவும் கப்ருகளும் சேர்ந்தே போயின. காப்புக்காட்டில் ஆக்கிரமிப்பு என்றார்கள். ஆனால் தொல்லியல் துறைக்காக மௌலவி ஜஃபர் ஹசன் தொகுத்து, 1922இல் வெளியான பட்டியலில் அந்தப் பள்ளி இருக்கிறது: கட்டிய காலம் தெரியாது, ஹிஜ்ரி 1270இல் (1853-54) பழுதுபார்க்கப்பட்டது என்ற குறிப்போடு. சஞ்சய் வனம் என்ற பெயரே அதற்கு வெகுகாலம் கழித்து வந்ததுதான்!

பேய் உலவும் பாழிடம் என்று பெயர் ஒட்டிவிட்டால், அங்கே தொழுதவர் யார், அடங்கியிருப்பவர் யார் என்று கேட்பாரில்லை. நெடுங்காலப் பயன்பாட்டை மட்டும் வைத்து ஓரிடத்தை வக்ஃபு எனக் கொள்ளும் முறையையும் 2025 திருத்தச் சட்டம் இனி வருபவற்றுக்கு நீக்கிவிட்டது. நம் ஊர்களிலும் புதர் மண்டிய மையவாடிகளைச் சுற்றி ஜின் கதைகள் உண்டு. அவற்றின் சர்வே எண் எத்தனை ஜமாஅத்துகளின் கையில் இருக்கிறது?