சொத்து வரி: ரேட்டோட மோதாதீங்க, அளவைச் செக் பண்ணுங்க

ஃபார்ம் 16-ல டிடிஎஸ் நூறு ரூபாய் குறைஞ்சாலும் ஹெச்ஆருக்கு மெயில் போடுறோம். ஆனா லோன் போட்டு வாங்கின ஃபிளாட்டுக்குச் சொத்து வரி வந்தா, எதுக்கு இவ்வளவுன்னு கூடப் பார்க்காம யுபிஐல கட்டிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுறோம். இந்தப் பழக்கம் நமக்கு நஷ்டம்னுதான் நான் சொல்வேன்.

வரி மதிப்பீட்டை எதிர்த்துக் கேட்கலாமா? தாராளமா கேட்கலாம். ஆனா "வரியை ஏத்திட்டாங்க"ங்கிறதை மட்டும் எழுதிக் கொடுத்தா மனு நிக்காது. எத்தனை சதவீதம் ஏத்தணும்னு முடிவு பண்றது அரசும் மாநகராட்சி மன்றமும். உங்க கையில இருக்கிறது வேற ஒண்ணு: உங்க வீட்டைப் பத்தி ரெக்கார்டுல ஏறியிருக்கிற தகவல். பரப்பளவு எவ்வளவு, குடியிருப்பா கடையா, நீங்க இருக்கீங்களா வாடகைக்கு விட்டிருக்கீங்களா, கட்டடத்தோட வயசு என்ன. இதுல ஒண்ணு தப்பா இருந்தாலும் கணக்கே மாறிடும்.

2022-ல சென்னையில் நடந்த உயர்வையே எடுத்துக்குங்க. பழைய சென்னைப் பகுதிகள்ல 601 முதல் 1,200 சதுர அடி வரைக்கும் உள்ள வீடுகளுக்கு 75% உயர்வு. 1,201 முதல் 1,800 வரை 100%. உங்க வீடு 1,190 சதுர அடி, ரெக்கார்டுல 1,210-னு இருக்குன்னு வைங்க. அரையாண்டுக்கு ₹2,000 கட்டினவருக்கு ₹3,500 ஆக வேண்டியது ₹4,000 ஆயிடும். வருஷத்துக்கு ₹1,000 தானேன்னு தோணும். ஆனா அடுத்தடுத்து வர்ற ஒவ்வொரு உயர்வும் இந்தத் தப்பான தொகை மேலதான் ஏறும். எஸ்ஐபில நமக்காக வேலை செய்யுற அதே கூட்டு வளர்ச்சி, இங்க நமக்கு எதிரா வேலை செய்யும்.

என்ன பண்ணணும்? பத்திரம், அப்ரூவ்டு பிளான், பழைய ரசீது மூணையும் எடுத்து ஒப்பிடுங்க. ரெக்கார்டுல என்ன பரப்பளவு இருக்குன்னு தெரியலைன்னா, ஜோன் ஆபீஸில் எழுத்துல கேளுங்க. பதில் வரலைன்னா பத்து ரூபாய் ஆர்டிஐ இருக்கு. குடியிருப்பை வணிகம்னு போட்டிருந்தா, வீட்டு கரண்ட் பில்லையும் சேர்த்து வைங்க. மனுவில் எந்தத் தகவல் தப்பு, எது சரி, அதுக்கு என்ன ஆதாரம்னு மட்டும் எழுதுங்க. கோபத்தைக் காட்ட வேண்டாம். நோட்டீஸ்ல இருக்கிற கெடுவுக்குள்ள கொடுத்து, சீல் போட்ட நகல் வாங்கிக்குங்க.

மனு போட்டாச்சேன்னு வரியை நிறுத்தி வைக்காதீங்க. தாமதத்துக்கு வட்டி தனியா ஓடும். சென்னையில் அரையாண்டு தொடக்கத்திலேயே கட்டினா 5% ஊக்கத்தொகை (அதிகபட்சம் ₹5,000) கிடைக்குது. அதையும் விட வேண்டாம். ஆட்சேபத்தோட கட்டுறேன்னு மனுவிலேயே குறிப்பிட்டுட்டுக் கட்டிடுங்க.

ஒரு எச்சரிக்கை. மொட்டை மாடியில ரூம் போட்டு அதைக் கணக்குல காட்டாம விட்டிருந்தா, அளக்க வர்றவங்க கண்ணுல அதுவும் படும். வரி குறையறதுக்குப் பதிலா கூடலாம். அதனால முதல்ல உங்க பக்கத்தைச் சரிபாருங்க.

நியாயமான வரியைக் கட்டத்தான் வேணும்; குப்பை அள்ளுறதும் தெருவிளக்கு எரியறதும் அந்தப் பணத்துலதான். ஆனா இல்லாத இருபது சதுர அடிக்கு வருஷா வருஷம் கட்டணும்னு எந்தச் சட்டமும் சொல்லலை. அடுத்த அரையாண்டுத் தொகையைக் கட்டுறதுக்கு முன்னாடி, ஊர்ல அப்பா பேர்ல இருக்கிற வீட்டு ரசீதையும் சேர்த்து ஒரு தடவை பார்த்துடுங்க.